பெயர் மாறிய பட்டமும் பேச வராத ஆங்கிலமும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையெங்கும் கல்லூரி விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. கூடுவாஞ்சேரி ரயில் நிலைய வாசலில் நின்றால் கையில் ஒரு துண்டறிக்கையாவது திணிக்காமல் விடமாட்டார்கள். பி.காம்., கணினி அறிவியல், பி.சி.ஏ. எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். அவற்றுக்குக் கீழே பி.ஏ. ஆங்கிலம். சில ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு ஒரு வாலும் சேர்ந்திருக்கிறது. ‘இங்கிலீஷ் அண்டு கம்யூனிகேஷன்’, ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’, ‘ஃபங்ஷனல் இங்கிலீஷ்’, ‘இங்கிலீஷ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’ என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. வெறும் ‘லிட்’ (இலக்கியம்) என்று போட்டால் பிள்ளைகள் சேரமாட்டார்கள் என்பது நிர்வாகங்களின் கணக்கு. இதில் ‘ஃபங்ஷனல்’ ஒன்றும் புதுச் சரக்கல்ல. தொண்ணூறுகளின் நடுவில் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகளில் தொழிற்பாடங்களைச் சேர்க்கச் சொன்னபோதே அது பட்டியலில் இருந்தது.

இந்தப் படிப்பில் சேர வருபவர்கள் யார்? மறைமலை நகர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவரின் மகள், நெல்லிக்குப்பம் சாலையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரின் மகன், ஊரப்பாக்கத்தில் வீட்டு வேலை செய்து பெண்ணைப் படிக்க வைக்கும் தாயின் பிள்ளை. பலருக்கு வீட்டில் முதல் பட்டம் அதுதான். இந்தப் பகுதிக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவள் நான். சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருந்தபோது பெற்றோர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “மேடம், இத படிச்சா பொண்ணு இங்கிலீஷ்ல பேசிடுமா?” மில்டனைப் பற்றியோ ஷேக்ஸ்பியரைப் பற்றியோ யாரும் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. மூன்று வருடம், இவ்வளவு பணம், பிள்ளைக்குப் பேச வருமா வராதா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நியாயமான கேள்வி.

இன்றைக்கு நடக்கும் விதத்தில் நடந்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது. பட்டத்தின் பெயரில் ‘கம்யூனிகேஷன்’ இருந்தாலும் வராது.

வகுப்புக்குள் வந்து பார்த்தால் காரணம் தெரியும். அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியை ஒரு வரியை வாசித்துத் தமிழில் பொருள் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். தமிழில் விளக்குவதை நான் குறையாகச் சொல்லவில்லை, புரிவதற்குத் தமிழ் வேண்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மாணவி எதையும் சொல்ல வேண்டிய தேவை எழுவதே இல்லை. மூன்றாண்டுகளில் அவள் வகுப்பில் தானாக யோசித்து ஆங்கிலத்தில் பேசிய வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேர்வும் அதையேதான் கேட்கிறது. இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்தில் ஐந்து, பத்தில் மூன்று, ஆக 75. மீதி 25 இன்டர்னல். கேள்விகள் ஆண்டுக்காண்டு சுற்றிச் சுற்றி வருபவை. விடைகள் கைடில் இருக்கின்றன. கைடைக் கரைத்துக் குடித்தவள் முதல் வகுப்பில் தேறுகிறாள்.

கம்யூனிகேஷன் சேர்ந்ததும் இது மாறியிருக்க வேண்டாமா? மாறியது இவ்வளவுதான்: தன்விவரக் குறிப்பு, கடிதம், குழு விவாதம், நேர்காணல் என்று இரண்டு தாள்கள் கூடின, அவற்றுக்கும் கைடு வந்துவிட்டது. ‘கம்யூனிகேஷன் என்றால் என்ன? அதன் தடைகளை விவரி’ என்பது பத்து மதிப்பெண் கேள்வி. தயக்கம் ஒரு தடை, பயம் ஒரு தடை, சொல்வளம் இல்லாமை ஒரு தடை என்று உட்தலைப்பிட்டு, அடிக்கோடிட்டு, ஒரு பிழையில்லாமல் மூன்று பக்கம் எழுதிய ஒரு மாணவியின் விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன். அடுத்த வாரம் வைவாவுக்கு வந்தாள். “காலையில் எப்படி வந்தாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு பக்கத்திலிருந்த தோழியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “ட்ரெயின், மேம்” என்றாள். அந்த மூன்று பக்கத் தடைகளும் அவளுக்குள்தான் இருந்தன. அந்த விடைக்குப் பத்துக்கு ஒன்பது போட்டதும் நாங்கள்தான்.

லாங்குவேஜ் லேப் எனப்படும் அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல கல்லூரிகளில் நாக் (NAAC) தர மதிப்பீட்டுக் குழு வருகிற வாரம் அந்த ஹெட்போன்களுக்குத் தூசி தட்டுவார்கள்.

இந்த மனப்பாடப் பழக்கம் இன்று வந்ததல்ல. ஆங்கில இலக்கியப் பாடத்தின் பிறப்பே நம் நாட்டோடு பிணைந்தது. கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளியிட்ட ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்’ நூலில் அந்தக் கதை விரிவாக இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்கள் கிரேக்கத்தையும் லத்தீனையும் கட்டிக்கொண்டு அழுத காலத்திலேயே, ஆட்சி செய்வதற்குத் தோதாக ஆங்கில இலக்கியத்தை இந்தியர்களுக்குப் பாடமாக வைத்தார்கள். ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு 1835-ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு 1894-இல்தான் வந்தது, கேம்பிரிட்ஜில் 1917-இல். நமக்குத் தரப்பட்ட ஆங்கிலம் வாசித்து வியக்கவும், மனப்பாடம் செய்யவும், மேலதிகாரிக்குப் பணிவாக மனு எழுதவும் ஆனது. எதிரே நின்று வாதாடுவதற்கு அதைத் தரவில்லை. வாதாடியவர்கள் தாமாகக் கற்றுக்கொண்டார்கள். கைடு புத்தகம் அந்தப் பழக்கத்தின் மலிவுப் பதிப்பு.

ஆனால் இந்தப் பழியை இலக்கியத்தின் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. “ஷேக்ஸ்பியரைத் தூக்கு, சாஃப்ட் ஸ்கில்லைக் கொண்டு வா” என்பது நிர்வாகங்களுக்கு வசதியான தீர்வு. ஷேக்ஸ்பியரைக் கைடில் படித்தால் என்ன கிடைக்குமோ அதுதான் சாஃப்ட் ஸ்கில்லைக் கைடில் படித்தாலும் கிடைக்கும்.

மாற்று வழியைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை, அது இங்கேயே பிறந்தது. என்.எஸ். பிரபு என்ற பேராசிரியர் எழுபதுகளில் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தார். வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பயிற்றிய அன்றைய முறையில் அவருக்கு நிறைவில்லை. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். ‘பெங்களூர் திட்டம்’ என்று உலகம் அறிந்தது அதைத்தான். அந்த வகுப்புகளில் இலக்கணப் பாடம் இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம், விலைப்பட்டியல் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுப்பார்கள். ஆசிரியர் முதலில் ஒன்றை வகுப்போடு சேர்ந்து வாய்விட்டு யோசித்துக் காட்டுவார். அடுத்ததைப் பிள்ளைகள் தாமே செய்ய வேண்டும். மனம் விடையைத் தேடுவதில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. ஒருவருக்குத் தெரிந்த தகவல் இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது, தந்த தகவலிலிருந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது, தன் கருத்தைச் சொல்வது என்று பயிற்சிகளை மூன்றாகப் பிரித்தார்.

பின்னர் வெளியாட்கள் வந்து அந்தத் திட்டத்தை மதிப்பிட்டார்கள். இலக்கண அமைப்புச் சோதனையில் வழக்கமான வகுப்புகள் முந்தின. கேட்டுப் புரிதல், வாசித்துப் புரிதல் போன்ற பொதுச் சோதனைகளில் பிரபுவின் வகுப்புகள் முந்தின. ஐந்தாண்டு முயற்சியை 1987-இல் ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’ என்ற நூலாக ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. பணிவழி மொழிக் கல்வி பற்றி இன்று உலகில் எந்தப் பாடநூலைத் திறந்தாலும் தொடக்கத்தில் அவர் பெயர் இருக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் வேர்விட்ட இந்த முறை நம் பி.ஏ. வகுப்பில் நடைமுறையாக இல்லை. எம்.ஏ.வில் ஆங்கிலம் கற்பித்தல் தாளில் ஒரு கேள்வியாக இருக்கிறது. அதற்கும் விடை கைடில் உண்டு.

என் வகுப்பில் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தேன். “எழும்பூரில் பத்து மணிக்கு நேர்காணல். நீ பொத்தேரியில் ஏறுகிறாய், உன் தோழி ஊரப்பாக்கத்தில். செங்கல்பட்டு வண்டி தவறிவிட்டால் தாம்பரத்திலிருந்து கிளம்பும் வண்டியை எப்படிப் பிடிப்பீர்கள், எது புத்திசாலித்தனம்?” என்று கேட்டால் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரியும். வேக வண்டி எங்கே நிற்கும், எந்த நடைமேடைக்கு வரும், தாம்பரம் படிக்கட்டில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாததா? எனக்கே தெரியாத விவரங்களை எனக்குச் சொல்லித் தருவார்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும், நடுவில் தமிழ் புகும். ஆனால் ஆசிரியைக்குத் தெரியாததைச் சொல்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் குரல் மாறிவிடுகிறது.

இலக்கியத்தையும் வரலாற்றையும்கூட இப்படியே நடத்தலாம். பி.ஏ. ஆங்கிலத்தில் இங்கிலாந்தின் சமூக வரலாறு ஒரு துணைப்பாடம். ஏ.ஜி. சேவியரின் புத்தகத்தைத் தொடாமல் தமிழ்நாட்டில் லிட் படித்தவர்கள் குறைவு. அதில் நிலத்தை வேலியிட்டு அடைத்த கதை வரும். 1604-க்கும் 1914-க்கும் இடையே 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, ஊருக்குப் பொதுவாகக் கிடந்த மேய்ச்சல் நிலமும் வயலுமாக ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரைத் தனியார் வேலிக்குள் கொண்டுபோனார்கள். இதை ஐந்து மதிப்பெண் குறிப்பாக மனப்பாடம் செய்த மாணவனிடம், “உங்க ஊர்ல மேய்க்கால் புறம்போக்கு எங்கே இருந்தது? இப்போ அங்க என்ன இருக்கு?” என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒருவர்பின் ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தாத்தா மாடு மேய்த்த இடம் இப்போது மனைப்பிரிவு. ஏரிக்கரை ஓரம் நட்ட கற்கள். ‘சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு’ பலகை. மழைக்காலத்தில் அந்த மனைகளில் நிற்கிற தண்ணீர். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது இவர்கள் பள்ளிப் பிள்ளைகள். யார் வீட்டுக்குப் படகு வந்தது, யார் மொட்டைமாடியில் எத்தனை இரவு இருந்தார்கள் என்பதெல்லாம் நினைவில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கவிஞர்கள் வேலிகளைப் பற்றி ஏன் புலம்பினார்கள் என்பதை அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் தமிழில் பேட்டி எடுத்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். வந்த தாள்களில் இலக்கணப் பிழைகள் ஏராளம், ஆனால் எந்த இரண்டு தாளும் ஒன்றுபோல் இல்லை. கைடு நுழையாத விடைத்தாளை அன்றுதான் பார்த்தேன்.

தமிழின் இடம் இந்தப் படிப்பில் என்ன என்பது இன்னொரு கேள்வி. ஆங்கிலம் படிக்க வந்தவர்கள் தமிழைவிட்டு விலகினால்தான் ஆங்கிலம் வரும் என்று ஒரு மூடநம்பிக்கை நிலவுகிறது. வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் துறைகளும் உண்டு. நம் முன்னோர்கள் அப்படி இருக்கவில்லை. இன்று தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல்தான் அங்கே குடிபெயர்ந்தது. அதற்கு முன்பு, ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில், அங்கே ஆங்கிலம் நடத்திய எம்.எஸ். பூர்ணலிங்கம் பிள்ளை தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1904-இல் வெளியிட்டார். அதே கல்லூரியின் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞரோடு சேர்ந்து ‘ஞானபோதினி’ இதழையும் நடத்தினார். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி முதல்வராக இருந்த ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாச ராகவன் தமிழ்க் கவிதைக்காக 1968-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சங்கப் பாடல்களை உலகம் வாசிக்கும்படி மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர். தாம்பரத்திலேயே ஆங்கிலம் கற்பித்த நிர்மல் செல்வமணி, திணைக் கோட்பாட்டைக் கொண்டு சூழலியல் திறனாய்வை வளர்த்தார். நம் ஆங்கிலத் துறைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர்களில் பலர் இரண்டு மொழியிலும் காலூன்றியவர்கள்.

பிழைப்புக்கும் அதுவே வழி. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு மாநில அரசு வேலைக்கான போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். முன்பெல்லாம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் லிட் பிள்ளைகள் பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து எழுதினார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. இருந்தும் பட்டப்படிப்பின் முதல் பகுதி மொழிப்பாடமாக, மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சோ இந்தியோ எடுக்கும் வழக்கம் குறையவில்லை. மொழிபெயர்ப்பு ஒரு தாளாக இருக்கும் இடங்களிலும் பழமொழி பத்தும் ஒரு சிறுகதைப் பத்தியும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பட்டா, வங்கிக் கடன் பத்திரம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, நகராட்சி அறிவிப்பு ஆகியவற்றைக் கையில் கொடுத்து, “இதை உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் சொல்லுங்கள், திரும்ப ஆங்கிலத்தில் பதில் எழுதுங்கள்” என்று ஒரு முழுப் பருவம் நடத்தலாம். கூடுவாஞ்சேரியில் அந்தத் திறமை தேவைப்படாத தெரு கிடையாது.

வேலை என்றதும் தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக் கால் சென்டர்கள், பெருங்குடி, சிறுசேரி எல்லாம் நினைவுக்கு வரும். ஒரு தலைமுறை லிட் பிள்ளைகளுக்கு அவை சோறு போட்டன என்பது உண்மை. ஆனால் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பிழையில்லாத அலுவலகக் கடிதமும் தன்விவரக் குறிப்பும் யார் கேட்டாலும் நொடியில் கிடைக்கின்றன. கம்யூனிகேஷன் தாள்கள் எதைக் கற்றுத் தருவதாகச் சொன்னனவோ அதையே இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது. எதிரே இருப்பவர் என்ன கேட்கிறார் என்று காதுகொடுத்துப் புரிந்துகொள்வதும், இயந்திரம் எழுதியதில் எது தவறு என்று சொல்வதும், கோபமாக வந்த வாடிக்கையாளரிடம் எந்தத் தொனியில் பேசுவது என்று முடிவெடுப்பதும் மனிதர்களிடம் மிச்சம் இருக்கின்றன. ஒரு நாவலை வகுப்பில் உட்கார்ந்து ஒழுங்காக விவாதித்தால் இவை மூன்றும் பழகிவிடும். அதனால்தான் இலக்கியத்தைத் தூக்க வேண்டாம் என்கிறேன்.

இதையெல்லாம் செய்ய ஆசிரியர் வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. தமிழக அரசு கொடுப்பது அதைவிடக் குறைவு. தனியார் கல்லூரிகளில் சில இடங்களில் அதுவும் இல்லை. எழுபது தாள்களில் எழுபது விதமான பிழைகளைப் பொறுமையாகத் திருத்து என்று அவர்களிடம் எந்த வாயால் கேட்பது? அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுத் திறன் பயிற்சி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஆங்கிலமே முதன்மைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் பேச வெளியிலிருந்து ஒரு பயிற்சி தேவைப்படுகிறது என்றால், அந்த மூன்றாண்டு வகுப்பைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். பல்கலைக்கழகம் ஒன்றே ஒன்றை மாற்றினாலும் போதும். 75 மதிப்பெண்ணில் 25-ஐ வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்கி, அதை வெளித் தேர்வாளர் நடத்தட்டும். கைடு வியாபாரம் பாதி படுத்துவிடும், வகுப்பு தானாகப் பேச ஆரம்பிக்கும்.

அதுவரை, ஜூன் மாதத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கல்லூரி வாசலில் நிற்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டத்தின் பெயரில் கூடுதலாக ஒரு சொல் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஆசிரியர் பணிக்கும் மற்ற அரசு வேலைக்கும் அது பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையா இல்லையா என்பதை உயர்கல்வித் துறையின் அரசாணைதான் முடிவு செய்யும். சில பட்டங்களை இணை என்றும் சிலவற்றை இணையில்லை என்றும் அரசு அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருக்கிறது. தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு மேசை வரை போய், பட்டத்தின் பெயரால் திரும்பி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எனவே கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள், பிள்ளைகள் வாய் திறக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு அலுவலகத்தில் அந்தப் பட்டத்தின் இணைத்தன்மை அரசாணை நகலைக் காட்டச் சொல்லுங்கள். “அதெல்லாம் பிரச்சினை வராதுங்க” என்று வாய்வார்த்தை சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.